இங்க்லிங்குக்கு வேர் தேடிய ஆணையம்

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. கதவோரம் நிற்கிறவரும் உள்ளே வாருங்கள். காலை நீட்டிக்கொள்ளுங்கள், என் கதைக்கு யாரும் முதுகை நிமிர்த்தி உட்கார வேண்டியதில்லை. ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்லுக்கு அர்த்தம் தேடி உட்கார்ந்த பெரிய மனிதர்களையும், அவர்களிடம் மாட்டிக்கொண்ட ஒரு தகப்பனையும் பற்றிச் சொல்லப்போகிறேன். சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள். வயிற்றைக் கலக்கினால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சொற்பொருள் உறுதி ஆணையம் என்று ஓர் அலுவலகம் இருந்தது. வாசலில் பித்தளைப் பலகை, அதைத் துடைக்கத் தனியாக ஓர் ஆள். வாய் வலிக்காமல் சொல்ல வேண்டி, எல்லோரும் அதைச் சொல்லாபீஸ் என்றார்கள். பழைய விதிப் புத்தகங்களில் தமிழாக்காமல் விட்டுப்போன இங்கிலீஷ் சொற்களை எடுத்து, அவற்றின் பிறப்பைத் தோண்டி, ‘இதற்கு இதுதான் பொருள்’ என்று முத்திரை குத்துவது அங்கே வேலை. ஒரு சொல் பிறந்த அன்றைக்கு என்ன பொருளோ, சாகும்வரை அதுதான் பொருள் என்பது அவர்கள் கொள்கை. அந்தக் கொள்கையை மனிதர்களுக்கு வைத்துப் பார்த்தால், ஆணையத் தலைவர் இன்னும் தொட்டிலில் கிடந்து கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டிருக்க வேண்டும். அவர் செய்துகொண்டிருந்தது அதைவிடப் பெரிய வேலை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

‘கேண்டிடேட்’ என்ற சொல்லுக்கு ஆதியில் வெள்ளை உடுத்தியவர் என்று பொருளாம். கண்டுபிடித்த மறுநாளே, வேலைக்கு மனுப் போட்டு வந்தவர்களில் வெள்ளை உடுத்தாதவர்களை எல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். சந்தன நிறச் சட்டை போட்டுக்கொண்டு வந்த ஒரு பிள்ளையை வெயிலில் நிற்க வைத்து, அது வெள்ளையா வெள்ளை மாதிரியா என்று சாயங்காலம்வரை விவாதித்தார்கள். ‘கம்பெனி’ என்றால் ஆதியில் ரொட்டியைப் பங்கிட்டுத் தின்பவர்களாம். அதனால் மின்விசிறி பழுது பார்க்க வந்த கம்பெனி ஆட்களிடம் ரொட்டி எங்கே என்று கேட்டார்கள். இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்கள். மின்விசிறி அப்படியே தொங்கியது.

இப்படிப்பட்ட இடத்தில் தபால் பிரிக்கும் அறையில் ஒருவன் வேலை பார்த்தான். வெண்கலம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். காரணம் அவன் தொண்டை. அவனுடைய அம்மாவுக்குக் காது மந்தம். ‘பசிக்குது’ என்பதைக்கூடப் பிள்ளைப் பருவத்திலேயே கத்திச் சொல்லிப் பழகியவன். அவன் இரகசியம் சொன்னால் எதிர்த்த கட்டடத்தில் தலையாட்டுவார்கள். கலியாணத்துக்கு முன்னால் அவன் மனைவியிடம் முதன்முதலாகத் தன் மனதைச் சொன்னபோது, பஸ் நிறுத்தத்தில் நின்ற அத்தனை பேரும் திரும்பி, அவள் என்ன பதில் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தார்களாம். ‘அந்தக் கூட்டத்துல எப்படிங்க முடியாதுன்னு சொல்றது?’ என்பாள் அவள்.

அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. தூக்கினால் கடிக்கும், இறக்கினால் ஓடும், அதனால் கட்டெறும்பு. மனைவிக்குத் தையல் யூனிட்டில் வேலை. பிள்ளையை வெண்கலம்தான் காலையில் கூட்டிவந்து, சொல்லாபீஸின் தரைத்தளத்தில் இருக்கும் குழந்தைகள் அறையில் விடுவான். ஊழியர்களின் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். காலையில் உள்ளே விட்டதும் கம்பிக் கதவைப் பூட்டிவிடுவார்கள். சாவி செக்யூரிட்டி மீசைக்காரரிடம். இடையில் பிள்ளையை வெளியே எடுக்க வேண்டுமானால் மேலதிகாரி ஒப்புக்கொண்ட காரணத்தோடு பாஸ் வேண்டும். எவனோ ஒருவன் பிள்ளையைச் சாக்கு வைத்துச் சினிமாவுக்குப் போய்விட்டானாம். அதிலிருந்து அந்த விதி.

அன்று காலை வெண்கலம் கட்டெறும்பை உள்ளே விட்டான். அவள் செருப்பை இரண்டு திசையில் உதறிவிட்டு ஓடினாள். மற்ற பிள்ளைகள் தரையில் உருண்டுகொண்டிருந்தன. கதவும் பூட்டியாயிற்று. திரும்பி நடந்தவனுக்கு நடை வரவில்லை.

என்ன பார்த்தான் என்று கேட்காதீர்கள். சுவரில் கோடு இல்லை, மேலேயிருந்து ஒரு பொட்டு மண் உதிரவில்லை. தொண்டைக்குக் கீழே, வயிற்றுக்கு மேலே, ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்துகொண்டு ‘போகாதே’ என்றது. அவ்வளவுதான். உங்களுக்கும் வந்திருக்கும். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் நிற்கவைக்குமே, அதற்கு அக்காள்.

அவன் கம்பிக் கதவுக்குத் திரும்பி வந்தான்.

“ஆயாம்மா, உங்களுக்கு ஏதாச்சும் தோணுதா? இந்த ரூம்ல?”

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா மூக்கு ஒழுகிய ஒன்றைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தாள். “மெதுவா பேசு தம்பி, ஒண்ணு தூங்குது. எனக்கும் கொஞ்ச நாளா ஒரு மாதிரியாத்தான் இருக்கு. வயசாயிடுச்சுன்னு நெனச்சேன்.”

“என் பிள்ளைய குடுத்துடுங்க. கூட்டிட்டுப் போயிடறேன்.”

“நான் என்ன இடுப்புலயா சாவி சொருகி வச்சிருக்கேன்? நானும் உள்ளதான் இருக்கேன்.”

மீசைக்காரர் நாற்காலியை விட்டு எழாமல் சொன்னார். “பாஸ் கொண்டா, தொறக்குறேன். என் பேரனும் உள்ளதான் இருக்கான், நான் என்ன எடுத்துட்டா போனேன்? விதின்னா விதி.”

ஆகவே வெண்கலம் மாடிக்கு ஓடி, பிரிவு அதிகாரி அம்மாளின் முன்னால் மூச்சு வாங்க நின்றான். மேடம் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, பிறகுதான் மனிதர்களைப் பார்ப்பார்.

“என்ன அத்தாட்சி?”

“அத்தாட்சி ஒண்ணும் இல்லீங்க மேடம். மனசுல ஏதோ சரியில்லைன்னு படுது.”

“மனசு எந்தப் பிரிவுல வருது?” என்று மேடம் உண்மையிலேயே யோசித்தார். பிறகு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அவர் கெட்டவர் இல்லை. புத்தகத்தில் இருந்தால் எதையும் செய்வார், சொந்தப் புத்தியில் இருந்தால் எதையும் செய்யமாட்டார். “ஆங். ஆபத்து விதி. ‘கட்டடத்தில் ஆபத்து குறித்து ஊழியர் எவருக்கேனும் இங்க்லிங் கிடைத்து, அதை அவர் தெரிவித்தால், அந்த அறையை உடனே காலி செய்ய வேண்டும்.’ உனக்குக் கிடைச்சது இங்க்லிங்கா?”

“அப்படீன்னா என்னங்க மேடம்?”

“அது இன்னும் முடிவாகலை. நம்ம ஆணையத்துலயே ரொம்ப நாளா நிலுவையில இருக்கு.” மனதில் லேசாக ஏதோ படுவதைத்தான் இங்கிலீஷ்காரர்கள் இங்க்லிங் என்பார்கள், கண்ணுகளா; ஆணையத்துக்கு மட்டும் அது போதவில்லை.

“அப்ப, அதுதான்னு வச்சுக்குங்க மேடம்!”

“என்னன்னே தெரியாத ஒண்ணு உனக்கு வந்துடுச்சுன்னு நீ எப்படிச் சொல்ற?” மேடம் கண்ணாடியை மறுபடி கழற்றினார். “அதிர்ஷ்டக்காரன்தான் போ. இன்னைக்கு ஆணையம் கூடுற நாள். மூணாம் மாடிக்கு வா.”

வெண்கலம் போகிற வழியில் மனைவிக்குப் போன் செய்தான். அவன் பேசியதைக் கேட்க அவளுக்குப் போன் தேவைப்பட்டிருக்காது என்று படிக்கட்டில் நின்றவர்கள் சொன்னார்கள். “நான் வர்றேன்” என்று மட்டும் சொல்லி வைத்தாள். ஏன், என்ன, எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாருங்கள், அவளுக்கு இங்கிலீஷும் தெரியாது.

மூன்றாம் மாடியில் நீள மேசை. தலைமாட்டில் தலைவர், பக்கத்தில் வேர்க்கடலை. வேர்க்கடலை என்றால் சொற்களின் பிறப்பை ஆராயும் நிபுணர். வாயைத் திறந்தால் வேர், வேர் என்பார், ஆளும் சின்ன உருவம்; ஊழியர்கள் வைத்த பெயர் அது. மற்ற உறுப்பினர்கள் மேசையைச் சுற்றி இருந்தார்கள், அவர்கள் தலையாட்டுவதற்கு.

தலைவருக்கு அன்று ஆனந்தம் தாங்கவில்லை. இங்க்லிங்கைப் பற்றி அவர் ஒரு சிறு நூலே எழுதியிருந்தார். எழுந்து நின்றார்.

“அன்பர்களே! இங்க் என்றால் மை. லிங் என்றால் சின்னஞ்சிறியது. வாத்துக் குஞ்சுக்கு டக்ளிங் என்பதில்லையா? ஆக, இங்க்லிங் என்பது மைக்குஞ்சு. அதாவது ஒரு துளி மை. ஒருவனுக்கு இங்க்லிங் கிடைத்தது என்றால், அவன்மேல் எங்கோ ஒரு துளி மை இருந்தாக வேண்டும். தம்பி, கையைக் காட்டு.”

வெண்கலம் காட்டினான். தபால் முத்திரை குத்துகிறவன் கை. கட்டைவிரலில் ஊதா மை. அவை முழுக்கக் கைதட்டியது. தலைவர் கண் கலங்கினார். கட்டைவிரலைப் பல கோணங்களில் படம் எடுத்தார்கள்.

“அப்ப பாஸ் குடுத்துடுவீங்களா ஐயா?” என்றான் வெண்கலம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அப்போதுதான் வேர்க்கடலை இருமினார். அந்த இருமலுக்கு ஆணையத்தில் எல்லோரும் பயப்படுவார்கள்.

“தலைவர் ஐயா சொன்னதில் தவறே இல்லை, அது பொருந்தவில்லை என்பதைத் தவிர. இந்தச் சொல்லுக்கும் மைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பழைய இங்கிலீஷ்காரர்களிடம் ஒரு வினைச்சொல் இருந்தது. வாய்க்குள் முணுமுணுப்பது, தாழ்ந்த குரலில் சொல்வது என்று பொருள். அதிலிருந்து பிறந்ததுதான் இங்க்லிங். அதற்கும் முந்தைய வேர் யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதை இந்த உலகத்தில் முழுமையாகத் தெரிந்து வைத்திருப்பவன் நான் ஒருவன்தான்.”

தலைவர் உட்கார்ந்தார். கைதட்டிய கைகள் இப்போது இந்தப் பக்கம் திரும்பித் தட்டின.

“ஆகவே,” என்றார் வேர்க்கடலை, “முணுமுணுத்தால்தான் அது இங்க்லிங். இந்த ஆள் காலையிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறான். ஆணையத்தின் காதுக்கு எட்டியவரை, இவனிடம் இங்க்லிங் இருப்பதற்கான அறிகுறியே இல்லை.”

“ஐயா, பிள்ளைங்க உள்ள இருக்குங்க!”

“பார்த்தீர்களா, மறுபடியும் கத்துகிறான்.”

மேடம் விதியைத் தேடிப் பிடித்தார். ஒருவனுக்குத் திருத்திக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டுமாம். உடனே பக்கத்து அறையைக் காலி செய்து, கதவில் ‘முணுமுணுப்பு அறை’ என்று தாளில் எழுதி ஒட்டினார்கள். குழந்தைகள் அறையைக் காலி செய்ய இத்தனை மூளை வேலை செய்ய வேண்டியிருந்தது. இந்த அறையைக் காலி செய்ய ஒரு கையசைப்புப் போதும். உள்ளே ஒரு நாற்காலியில் மேடம். அவர்தான் கேட்பு அதிகாரி. வெளியே வேர்க்கடலை; உள்ளே பேசுவது தன் காதில் விழுந்தால் அது முணுமுணுப்பு இல்லை என்று அவர் கையைத் தூக்குவார்.

வெண்கலம் மூச்சை இழுத்து, தோளை ஒடுக்கி, தன்னால் முடிந்த மட்டும் மெதுவாகச் சொன்னான். “மேடம், பிள்ளைங்க ரூம்ல ஏதோ சரியில்லீங்க.”

கீழே வண்டி நிறுத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் எழுந்து, “யாருப்பா கூப்பிட்டது?” என்றார்.

வேர்க்கடலை கையைத் தூக்கினார்.

இரண்டாவது முறை வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு சொன்னான். கைக்குட்டை பறந்தது. இந்த நேரத்துக்கு அவன் மனைவி படியேறி வந்துவிட்டாள். தோளில் இன்னும் அளவு நாடா தொங்கியது. நடப்பதை ஒரு நிமிடம் பார்த்தாள்.

“இதான் பிரச்சினையா? நகருங்க. நான் முணுமுணுக்கிறேன். எனக்கு நல்லா வரும், கலியாணம் ஆனதுலேர்ந்து அதைத்தான் பண்ணிட்டிருக்கேன்.”

“அம்மா, இங்க்லிங் அவருடையது,” என்றார் வேர்க்கடலை. “ஒருவருக்கு வந்ததை இன்னொருவர் சொன்னால் அது வதந்தி. வதந்திப் பிரிவு இரண்டாம் மாடி. இன்று அவர்களுக்கு விடுமுறை.”

“உள்ள இருக்கிறது என் பிள்ளையும்தாங்க. எனக்கும்தான் வயித்தைக் கலக்குது.”

“உங்களுக்குத் தனியாகக் கலக்கியதா, இவர் சொன்ன பிறகு கலக்கியதா?”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஏறவும் இறங்கவும் அதிக நேரம் பிடிக்கவில்லை. “உங்க அம்மா உங்களை எப்படிங்க வளர்த்தாங்க?” என்று கேட்டாள். உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்ட மாதிரிதான் இருந்தது.

மூன்றாவது முறை. வெண்கலம் கண்ணை மூடினான். தூங்கும் கட்டெறும்பின் பக்கத்தில் படுத்திருப்பதாக நினைத்துக்கொண்டான். உதடு மட்டும் அசைந்தது. பிறந்ததிலிருந்து அவன் இவ்வளவு மெதுவாகப் பேசியதே இல்லை. வெளியே நின்ற வேர்க்கடலையின் கை எழவில்லை. மனைவி அழுதுவிட்டாள். அவன் கண்ணைத் திறந்து மேடத்தைப் பார்த்தான்.

மேடம் நேர்மையானவர். எழுந்து வந்து ஆணையத்தின் முன் நின்று சொன்னார்: “எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.”

அவை கூடி ஆலோசித்தது. தீர்ப்பைத் தலைவரே வாசித்தார். “கேட்டால் அது முணுமுணுப்பு அல்ல, ஆகவே இங்க்லிங் அல்ல. கேட்காவிட்டால் தெரிவித்ததாக ஆகாது. ஆகவே விதி பொருந்தாது. இருந்தாலும் இந்த ஊழியரின் முயற்சியை ஆணையம் பாராட்டுகிறது. மேல் விவாதம் உணவு இடைவேளைக்குப் பிறகு.”

வெண்கலம் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். “ஐயா, உங்க காலைப் பிடிக்கிறேன். ஒரு மணி நேரம் பிள்ளைங்களை முற்றத்துல விளையாட விடுங்க. நான் நெனச்சது தப்புன்னா என்ன வேணும்னாலும் பண்ணுங்க.”

தலைவர் அவன் தோளில் கை வைத்தார். அவருக்குப் பிடித்த பேச்சு ஒன்று உண்டு. அதைச் சொல்லச் சரியான இடம் வாய்த்துவிட்டது.

“தம்பி, நீ ஒரு தகப்பன். உன் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த ஆணையம் குழந்தைகளைவிடப் பெரிய ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. குழந்தைகள் வருவார்கள், வளர்வார்கள், போவார்கள். ஒரு சொல்லின் பொருள் ஒருமுறை இடிந்துவிட்டால், அதை எடுத்துக் கட்ட ஆள் கிடையாது. நாளைக்கு ஒவ்வொருவனும் எனக்குத் தோன்றியது, எனக்குத் தோன்றியது என்று வந்தால், தோன்றாத நாங்கள் எதற்கு இங்கே உட்கார்ந்திருக்கிறோம்?”

நல்ல கேள்வி. எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

புருஷனும் பெண்டாட்டியும் படிக்கட்டின் மேல் முனையில் நின்றார்கள். அந்தப் படிக்கட்டு கட்டடத்தின் நடுவில் கிணறு மாதிரி இறங்கும். எல்லா மாடிக் கதவுகளும் அதைப் பார்த்துத்தான் திறந்திருக்கும்.

“என்ன பண்றதுன்னு தெரியலடி,” என்றான் அவன். நான்கு மாடிக்கும் கேட்டது.

அவள் மூக்கை உறிஞ்சினாள். “ஏங்க, பொறந்ததுலேர்ந்து இந்தத் தொண்டையை வச்சுக்கிட்டு என் மானத்தை வாங்கினீங்க. இன்னைக்கு ஒரு நாள் அதுக்கு வேலை வந்திருக்கு, இப்பப் போயி முணுமுணுக்கப் பழகுறீங்களே! கத்துங்க!”

வெண்கலம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். வாழ்நாளில் முதல் முறையாக, தன் தொண்டையைக் குறைக்காமல் முழுசாகத் திறந்தான்.

“பிள்ளைங்க ரூம்ல ஏதோ சரியில்ல! என்னன்னு எனக்குத் தெரியல! வந்து உங்க பிள்ளைய எடுத்துக்கங்க!”

தட்டச்சு அறையில் ஒரு பெண் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைக்கவில்லை, விட்டாள். கணக்குப் பிரிவுக்காரர் செருப்பைத் தேடவில்லை. ஒவ்வொரு மாடியிலிருந்தும் அம்மாக்களும் அப்பாக்களும் படிக்கட்டில் கொட்டினார்கள். அவன் கத்தியதில் எந்தச் சொல்லுக்கு வேர் என்ன என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கீழே மீசைக்காரர் ‘பாஸ்’ என்று ஆரம்பித்தார். எதிரே வந்த கூட்டத்தைப் பார்த்தார். தன் பேரனை நினைத்தார். சாவிக்கொத்தில் அந்தச் சாவி அகப்படாமல், கடைசியில் பூட்டைத் தீயணைப்பு உருளையால் அடித்தே உடைத்தார். ஆயாம்மா ஒவ்வொரு பிள்ளையாகக் கதவு வழியே நீட்டினாள். கட்டெறும்பு தன்னைத் தூக்கியவரைக் கடித்தாள். தூங்கிய பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆயாம்மா கடைசியாக வந்தாள். வாசலில் நின்று ஒரு தரம் உள்ளே திரும்பிப் பார்த்து எண்ணிவிட்டுத்தான் வந்தாள்.

முற்றத்தில் வெயில். பிள்ளைகளுக்குத் திருவிழா. பெரியவர்கள் அந்த அறையைப் பார்த்தபடி நின்றார்கள். அறை சும்மா இருந்தது. நேரம் போனது. அறை இன்னும் சும்மா இருந்தது. ஒரு அப்பா வெண்கலத்தைப் பார்த்தார். இன்னொருவர் மணியைப் பார்த்தார். வெண்கலத்துக்குக் காது மடல் சுட்டது.

தலைவர் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார், பின்னால் வேர்க்கடலையும் மேடமும். தலைவர் வாசல்படியில் ஏறி நின்றார்.

“ஊழியர்களே! ஒரு தனி மனிதனின் வயிற்றுக் கோளாறுக்கு ஓர் அலுவலகமே முற்றத்தில் நிற்கிறது. இந்த அறை இந்த ஆணையத்தைப் போலவே உறுதியானது என்று நான் பொறுப்போடு சொல்லுகிறேன். குழந்தைகளை உடனே உள்ளே...”

மேலே ஏதோ ஒன்று பெருமூச்சு விட்ட மாதிரி கேட்டது. அப்புறம் இடி. தலைவரின் பேச்சு முடியவில்லை, கூரை முடித்தது.

புழுதி அடங்கியபோது, தொட்டில்கள் இருந்த இடத்தில் ஒரு குன்று. சிமெண்டும் கம்பியும் பாதி, தடித்தடிப் புத்தகங்கள் பாதி. மேலே இருந்த பூட்டிய அறையில் ஆணையம் தன்னுடைய ‘வேர்ச்சொல் பேரகராதி’யை விற்காத பிரதிகளாக, வருஷா வருஷம் அச்சடித்து வருஷா வருஷம் அடுக்கி வைத்திருந்ததாம். அந்தப் பாரத்தைக் கூரை இத்தனை நாள் தாங்கியதே பெரிது. வாசகர்கள் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

பெற்றவர்கள் பிள்ளைகளை நெஞ்சோடு நசுக்கிக்கொண்டார்கள். ஆயாம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெண்கலத்தின் மனைவி அவன் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். வேர்க்கடலை மட்டும் இடிபாட்டில் ஒரு காலை வைத்து, ஒரு புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி, பக்கம் ஏதாவது கிழிந்திருக்கிறதா என்று பார்த்தார்.

இத்தோடு கதை முடிந்தது, வெண்கலத்துக்கு மாலை போட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? நீங்கள் அலுவலகத்தில் வேலை பார்த்ததில்லை போலிருக்கிறது.

அடுத்த வாரம் விசாரணை வைத்தார்கள். அதே மூன்றாம் மாடி, அதே நீள மேசை. குழந்தைகள் அறை இல்லாமல் போனதால் கட்டெறும்பைக் கூட்டிக்கொண்டு மனைவியும் வந்து பின் வரிசையில் உட்கார்ந்தாள். மேடம் குற்றச்சாட்டை வாசித்தார்.

“ஒன்று, வேரின்படி முணுமுணுக்க வேண்டியதை முழுக் குரலில் கூவியது. இரண்டு, தலைவரின் உரைக்கு இடையூறு. மூன்று, ஆணையத்தின் பூட்டு.”

“பூட்டை ஒடச்சது நான்,” என்றார் மீசைக்காரர் கதவருகே இருந்து.

“உனக்கு அது தனியாக வருகிறது.”

தலைவர் முன்னால் சாய்ந்தார். “முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கூரை இடியாமல் இருந்திருந்தால் நீ பரப்பியது வதந்தி. அதற்கு வேலை நீக்கம். ஆனால் கூரை இடிந்துவிட்டது. இடிந்ததால், உனக்குக் கிடைத்தது மங்கலான குறிப்பு இல்லை, உறுதியான முன்னறிவு என்று ஆகிறது. முன்னறிவை அத்தாட்சியோடு எழுதித் தராமல் மறைத்தால், அதற்கும் வேலை நீக்கம். உன் நன்மைக்காகவே கேட்கிறேன். உனக்குத் தெரிந்ததா, தெரியாதா?”

“தெரியலீங்க ஐயா. தோணுச்சு.”

“தெரியாமல் எப்படித் தோன்றும்?”

“தெரிஞ்சிருந்தா எதுக்குங்க தோணணும்?”

உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வேர்க்கடலை குறித்துக்கொண்டார். “இவனுக்கு அகராதி வாசிக்கும் பழக்கம் இல்லை என்பது தெளிவாகிறது.”

“வேலை போனா நாங்க மூணு பேரும் எங்கங்க போறது?” என்றாள் மனைவி, எழுந்து. “அத்தனை பிள்ளைங்களைக் காப்பாத்தினாரு. உங்க வீட்டுப் பேரப்பிள்ளைங்க இருந்திருந்தா?”

“எங்கள் பேரப்பிள்ளைகளை இங்கே விடமாட்டோம்,” என்றார் தலைவர், சற்று அதிர்ச்சியோடு. “எங்களுக்கு இந்தக் கட்டடத்தைத் தெரியும்.”

பிறகு பேனாவைத் திறந்தார். வேலை நீக்க உத்தரவு தயாராக முன்னால் இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. வெண்கலம் தலையைக் குனிந்து நின்றான்.

அப்போது கட்டெறும்பு அம்மாவின் மடியை விட்டு இறங்கி, வரிசைகளுக்கு நடுவே ஓடிவந்து, அப்பாவின் கால்சட்டையைப் பிடித்து இழுத்தாள். வெண்கலம் குனிந்தான். அவள் அவன் காதில் ஏதோ முணுமுணுத்தாள்.

வெண்கலத்தின் முகம் மாறியது. சட்டென்று நிமிர்ந்தான். கூரையைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை. கதவு எந்தப் பக்கம் என்று மட்டும் பார்த்தான். பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல், கதவை நோக்கிப் பாய்ந்தான்.

தலைவரின் கையிலிருந்த பேனா விழுந்தது. நாற்காலி விழுந்தது. அடுத்த கணம் தலைவர் அங்கே இல்லை. வெண்கலத்தை முந்திக்கொண்டு படியில் இறங்கிக்கொண்டிருந்தார். வேர்க்கடலை மேசைக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வெளிவந்து, மேடத்தின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். தலையாட்டும் உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே கதவில் ஒரே சமயத்தில் நுழையப் பார்த்துச் சிக்கிக்கொண்டார்கள். ஒருவர் ‘அம்மா’ என்று அலறினார். அத்தாட்சி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. மெதுவாகச் சொன்னானா, உரக்கச் சொன்னானா, சொன்னானா என்றே யாரும் கேட்கவில்லை. இங்க்லிங் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதில், அந்த ஒரு கணம், ஆணையத்தில் கருத்து வேறுபாடே இல்லை.

வெண்கலம் தாழ்வாரத்தின் கடைசிக் கழிப்பறையிலிருந்து கட்டெறும்பைக் கையைக் கழுவிக் கூட்டிக்கொண்டு வந்தபோது, கூடத்தில் அவன் மனைவி மட்டும்தான் இருந்தாள். சிரித்துச் சிரித்து மேசைமேல் தலையைச் சாய்த்திருந்தாள்.

“எங்கடி எல்லாரும்?”

அவள் ஜன்னலைக் காட்டினாள். கீழே முற்றத்தின் நட்டநடு வெயிலில் ஆணையம் முழுவதும் தலைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றது.

“உள்ள வாங்கய்யா!” என்று வெண்கலம் ஜன்னல் வழியே கூப்பிட்டான். “புள்ளைக்கு ஒண்ணுக்கு வந்துச்சு, அவ்வளவுதான்!”

ஒருவரும் வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. வெண்கலம் நிற்கும் கூரைக்குக் கீழே உட்கார்ந்து கையெழுத்துப் போட அந்த ஆணையத்தில் யாருக்கும் கால் வரவில்லை. அவனோ அந்தக் கட்டடத்தில்தான் வேலை பார்த்தான். ஆகவே விசாரணையைத் தேதி குறிப்பிடாமல் தள்ளிவைத்தார்கள். அந்த உத்தரவை மட்டும் வெளியே, காருக்குள் உட்கார்ந்து எழுதினார்கள். பிள்ளைகளுக்குத் தலைக்கு மேலே வானம் தவிர வேறொன்றும் இல்லாத தனி அறை முற்றத்தில் எழுந்தது. இங்க்லிங் இன்னமும் நிலுவையில் இருக்கிறதாம்.

எழுந்து போகிற கண்ணுகளா, போய் வாருங்கள். உங்கள் வீட்டுக் கூரை உறுதியாக இருக்கட்டும். அதற்குக் கீழே தூங்குகிற பிள்ளைகள் நன்றாகத் தூங்கட்டும். உங்களில் ஒருவர் நடு ராத்திரியோ நடுப் பகலோ ‘என்னமோ மாதிரி இருக்கு’ என்று சொன்னால், அது ஏன், எதற்கு என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று முதலில் கையைப் பிடித்துக்கொள்ளும் மனுஷர்கள் உங்கள் குடும்பத்தில் என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும்.